துரை கொடுத்த சீஸ் டின்

அப்பா டின் கட்டரை அழுத்தித் திருகினார். கர்ரக் என்று ஒரு சத்தம் வந்தது. நீல டின்னின் மூடி ஓரமாகப் பிளந்தது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் அந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது எங்க பெரிய தொரை அவரு கையால குடுத்தது" என்றார் அப்பா. "சீஸு. இத்தன வருசமா நாங்க யாரும் தொடல. ஒரு நல்ல காரியத்துக்குத்தான் ஒடைக்கணும்னு வச்சிருந்தேன்."

நல்ல காரியம் என்றால் சகாயம் அக்காவின் கல்யாணம். அன்று அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெயர் சேவியர். பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல்காரர். கூடவே அவருடைய அம்மா. அந்த அம்மா வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. லுணுகலைப் பக்கம் ஒரு பெண் வீட்டில், டீயில் ஆடை மிதந்தது என்பதற்காக எழுந்து வந்துவிட்டவர் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தோம். அக்கா உள்ளே பெட்டிமேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. கோயில் திருவிழாவில் பார்த்த நாளிலிருந்தே பிடித்துவிட்டது. அது தங்கச்சியான எனக்கு மட்டும் தெரியும்.

மூடி முழுதாகக் கழன்றது. உள்ளே மஞ்சளாக, மொழுமொழுவென்று ஒரு கட்டி. அப்பா சிரித்துக்கொண்டே அதைத் தட்டில் கவிழ்த்துக் கத்தியை எடுத்தார்.

நான் தற்செயலாக அடுப்படிப் பக்கம் திரும்பினேன். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சாவு வீட்டில்கூட நான் அம்மாவை அப்படிப் பார்த்ததில்லை.

அதிர்ச்சி வந்தால் எனக்கு விக்கல் வரும். பிறவிக் குணம். அப்போதே ஒன்று வந்துவிட்டது.

பங்களாவிலிருந்து வந்தது

இந்த டின் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

இலங்கை மலையகத்தில், தெமோதரைக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பிரா, கடைசி அறை, எங்களுடையது. அம்மா மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்பவர். அப்பா தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரையின் ஜீப் ஓட்டுபவர். ஜீப் ஓட்டுபவர் என்றால் லயத்தில் தனி மரியாதை. அப்பா அந்த மரியாதையை ஒரு பொழுதும் கழற்றி வைத்ததில்லை. மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குளிக்கப் போனால்கூடக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கிறிஸ்மஸுக்கு முதல் நாள், துரை அந்த டின்னை அப்பாவிடம் கொடுத்தார். சமீபத்தில் ஒரு இளைஞரிடம் இதைச் சொன்னேன். "ஒரு சீஸ் டின்னுக்கா இவ்வளவு?" என்று கேட்டார். ஆமாம், ஒரு சீஸ் டின்னுக்குத்தான் இவ்வளவு. எங்கள் லயத்தில் பாதிப் பேர் அதைப் பார்க்க வந்தார்கள். மொனராகலையிலிருந்து வந்திருந்த சித்தப்பா அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "பெயிண்டா அண்ணே?" என்று கேட்டார். அப்பா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

பங்களாவிலிருந்து வந்த பொருளைச் சாப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை. அது காட்சிக்கு வைப்பதற்கு. மேல் லயத்தில் ஒரு வீட்டில் காலி விஸ்கிப் போத்தல் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னொரு வீட்டில் துரையின் மனைவி, துரைசாணி, கொடுத்த பிஸ்கட் பெட்டி. பிஸ்கட் உள்ளேயே பொடியாகிப் போயும் அதை யாரும் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் கண்ணாடி அலுமாரி. அதில் மாதா சொரூபம், டிரைவர் உடுப்புப் போட்ட அப்பாவின் படம், நடுவில் நீல டின்.

அதைத் தொட்டால் அடி. அடிப்பது அப்பா இல்லை, அம்மா. தூசி தட்டும் வேலையும் அம்மாவுக்கு மட்டும்தான். ஒருமுறை நான் ஸ்டூல் போட்டு ஏறிக் கையை வைத்தேன். அம்மா கொடுத்த அறையில் காது இரண்டு நாள் ரீங்காரமிட்டது. ஒரு டின்னுக்காக இப்படியா என்று அன்று ஆடிப்போனேன். அம்மா எங்களை அடிக்கிறவரே இல்லை.

நாய்க்கு ஒரு துண்டு

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா இதைப் பெருமையாகத்தான் சொல்வார். கேட்கிற எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப்போடும்.

காலையில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது, பங்களா விறாந்தையில் துரை பாண் ரொட்டி சாப்பிடுவது அப்பாவுக்குத் தெரியும். இதே நீல டின் மேசையில் இருக்குமாம். துரை ஒரு துண்டு வெட்டித் தன் வாயில் போடுவார். அடுத்த துண்டு காலடியில் இருக்கும் நாய்க்கு.

"நாய்க்கா?" என்று நான் கேட்பேன்.

"அது அல்சேசன் நாயி" என்பார் அப்பா, அதில் என்ன தப்பு என்பதுபோல.

அம்மா இந்தக் கதை வரும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

டின் வந்ததற்கு அடுத்த வருடம் அம்மா மாசமாக இருந்தார். எனக்கு ஒரு தம்பி வரப்போகிறான் என்று சொன்னார்கள். ஒரு மழை நாளில் அம்மாவை லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சில நாள் கழித்து அம்மா வெறுங்கையோடு வந்தார். தம்பி செத்துப் பிறந்தான் என்று அக்கா என் காதில் சொன்னாள். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா ஒரு மாதம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தார். பிறகு கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

ஹோட்டல்காரர் வாயில் வைத்தது

இப்போது பெண் பார்க்க வந்த நாளுக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை ஹோட்டல்காரர் என்று தெரிந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவரை அசத்த வேண்டும் என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டார்.

"அந்த டின்ன இன்னைக்கு ஒடைச்சிருவோம்" என்றார்.

"வேணாங்க" என்றார் அம்மா. "பழசு. வயித்தக் கெடுக்கும்."

"டின்னுல இருக்கிறது கெடுமா? பேசாம இரு."

"ஒடைக்கக் கட்டரும் இல்லையே."

அப்பா பங்களாவுக்கு நடந்துபோய், குசினியில் கெஞ்சி ஒரு டின் கட்டரை வாங்கிக்கொண்டு வந்தார்.  அம்மா டின்னை அலுமாரியிலிருந்து தானே எடுத்துவந்து மேசையில் வைத்தார். இரண்டு கையாலும் அடிப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்து, குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தார்.

அப்பா கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டின் மேல் மஞ்சள் துண்டுகளை வரிசையாக அடுக்கினார். முதல் பிஸ்கட்டை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"தம்பி, நீங்கதான் சாப்பிட்டுச் சொல்லணும். ஒங்களுக்குத்தான் இதோட ருசி தெரியும்."

சேவியர் அதை வாங்கினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு கணம் நின்றார். தலையைத் தூக்கி நிலைப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு முழு பிஸ்கட்டையும் வாயில் போட்டு மென்றார். மென்றார், மென்றார், விழுங்கினார்.

"நல்லா இருக்கு மாமா" என்றார். "பழைய சீஸ். பழசாக ஆகத்தான் இதுக்கு வெல."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! துரையே எழுந்து வந்து கை கொடுத்ததுபோல இருந்தார். உடனே ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தன் வாயில் போட்டார். கண் விரிந்தது. தொண்டை ஏறி இறங்கியது. "வெள்ளக்காரன் சாப்பாடு. இப்பிடித்தான் இருக்கும்" என்று சமாளித்தார்.

மாப்பிள்ளையின் அம்மாவும் ஓரத்தில் கொஞ்சம் கடித்தார். முகம் சுளித்தது. மகனைப் பார்த்தார். மகன் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா தனக்குத்தான் நாகரிகம் தெரியவில்லையோ என்று நினைத்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டார்.

நானும் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

வாசகர்களே, அது சவர்க்காரம். பீலியில் நாங்கள் உடுப்புத் துவைக்கிற மஞ்சள் சவர்க்காரம். வருடக்கணக்கில் டின்னுக்குள் கிடந்து வாசம் செத்துப்போயிருந்தது, ஆனால் ருசி சாகவில்லை. முகம் கழுவும்போது எத்தனை தரம் என் வாய்க்குள் போயிருக்கிறது, எனக்குத் தெரியாதா!

எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். "அப்பா, இது..."

"தங்கச்சிக்கு விக்கல்" என்றார் சேவியர் அவசரமாக. "தண்ணி குடிம்மா." கண்ணால் வேண்டாம் என்றார்.

துப்பவும் முடியாமல், சொல்லவும் முடியாமல், விழுங்கினேன்.

அதோடு விட்டாரா அந்த மனிதர்? "மாமா, இந்த மாதிரிப் பழைய சீஸ எங்க பெரிய குக்கு பாத்ததே இருக்காது. மிச்சத்த நான் கொண்டு போகட்டுமா?" என்று கேட்டார். அப்பா மகிழ்ச்சியில் டின்னோடு சேர்த்துத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார். அக்கா தலை குனிந்து டீ கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா டீயை ஒரே மூச்சில் குடித்தார். வாயில் இருந்த ருசியைப் போக்கத்தான் என்று நினைக்கிறேன். ஆடை மிதந்ததா என்று பார்க்கவே இல்லை. "எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டார்.

பீலியில் நுரை

அப்பா அவர்களை ரயிலுக்கு அனுப்பப் போனார். நானும் பின்னால் ஓடினேன். பீலிக்குப் பக்கத்தில் சேவியர் மட்டும் நின்றுவிட்டார். செருப்பைக் கழுவப்போவதாகச் சொன்னார். கையில் தண்ணீர் பிடித்து வாயைக் கொப்பளித்தார். வெள்ளை வெள்ளையாக நுரை வந்தது. மறுபடியும் கொப்பளித்தார், மறுபடியும் நுரை. நான் புதர் ஓரத்தில் நின்று விக்கிக்கொண்டே பார்த்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டார். ஒரு விரலை உதட்டில் வைத்தார். பிறகு அப்பாவின் பின்னால் இறங்கிப்போனார்.

நான் வீட்டுக்கு ஓடிவந்தேன். அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, அது சவுக்காரம்மா!"

"தெரியும்" என்றார் அம்மா.

"அப்ப சீஸு எங்க?"

"நாந்தான் தின்னேன். கனம் கொறஞ்சது தெரியாம இருக்கணும்னு சவுக்காரத்தச் சுடுதண்ணியில எளக்கி உள்ள அமுக்கி, மெழுகுதிரிய உருக்கி அடிப்பக்கத்த ஒட்டி வச்சேன். ஒங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா நான் செத்துப்போவேன். வேற ஒண்ணும் கேக்காத."

அம்மாவா? எங்களைத் தொடவிடாமல் காவல் காத்த அம்மாவா, ஒரு டின் சீஸைத் தனியாகத் தின்றார்? மீன் துண்டு தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளாத அம்மாவா? எனக்குக் கோபம் வரவில்லை. நம்பத்தான் முடியவில்லை. கேட்காதே என்றதால் நான் கேட்கவில்லை. பல வருடம் கேட்கவில்லை.

உண்மையான ருசி

கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு வந்த கிறிஸ்மஸுக்கு அத்தான் ஒரு நீல டின்னைக் கொண்டுவந்தார். அன்றுதான் நான் உண்மையான சீஸைச் சாப்பிட்டேன்.

அடுப்பிலிருந்து எடுத்த சூடான தேங்காய் ரொட்டி. அதன்மேல் ஒரு துண்டு சீஸ். அது ஓரத்தில் வியர்த்து, இளகி, ரொட்டியோடு ஒட்டும். பக்கத்தில் செத்தல் மிளகாய் இடித்த கட்டச் சம்பல். உப்பும் பாலும் உறைப்பும் ஒன்றாக வாய்க்குள் போனபோது எனக்கு விக்கலே வந்துவிட்டது. உலகத்தில் இப்படி ஒரு பொருளை வைத்துக்கொண்டு அலுமாரியில் பூட்டி வைத்தோமே என்று இருந்தது. இன்றும் டிசம்பர் குளிரில் என் நாக்கு தேடுவது அந்த ரொட்டியைத்தான்.

அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் டின் வந்தது. அப்பா தொடமாட்டார். "எனக்கு அந்த ருசி ஒத்துக்காது. அன்னைக்கே பாத்துட்டேன்ல" என்பார். கடைசிவரை அவர் தின்ற சீஸ் சவர்க்காரம்தான். இப்போது அப்பா இல்லை, அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

அம்மாவும் தொடமாட்டார். நாங்கள் சாப்பிடும்போது வெளியே போய் நின்றுகொள்வார். வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

சாம்பலில் விழுந்த துண்டு

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் போயிருக்கும். அக்காவுக்குப் பல காலம் தவமிருந்து வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை, சீஸ் வேண்டும் என்று அத்தானிடம் சொல்லி அனுப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் டின்னோடு வந்தார். அப்பா பதுளைக்குப் போயிருந்தார்.

அத்தான் டின்னைத் திறந்து ஒரு துண்டு வெட்டி அக்காவிடம் நீட்டினார். அக்கா வாய்க்குக் கொண்டுபோனாள். அம்மா பாய்ந்து வந்து அவள் கையில் ஓங்கி அடித்தார். துண்டு அடுப்புச் சாம்பலில் போய் விழுந்தது.

"தின்னாதடி! அது புள்ளயத் தின்னுரும்!"

 பிள்ளைத்தாய்ச்சி மகளை அடித்த கையை அம்மா தானே வெறித்துப் பார்த்தார். பிறகு அப்படியே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

"ஒந்தம்பி வயித்துல இருக்கும்போது எனக்கு எதுவும் எறங்கல. ரொட்டி தின்னா வாந்தி. மலையில நின்னா கண்ணு இருட்டும். அலுமாரியில அந்த டின்னு இருந்துச்சு. நாயே திங்குதே, நான் தின்னா என்னன்னு நெனச்சேன். அடியில கத்தியப் போட்டுத் தொறந்தேன். ஒரு துண்டுதான்னு எடுத்தேன். மொத வாயி வச்சதும் உள்ளுக்குள்ள புள்ள ஓங்கி ஒதைச்சான். வேணாம்னுதான் ஒதைச்சிருக்கான். எனக்கு வெளங்கல. ஆச விடல. தெனமும் தின்னு முடிச்சேன். அந்த மாசமே அவன் செத்துப் பொறந்தான். ஊரான் குடுத்தத மறைச்சுத் தின்னேன். எம்புள்ளய நானே கொன்னுட்டேன்."

எனக்கு விக்கல் வரவில்லை. மூச்சே வரவில்லை. இத்தனை வருடமாக இதையா சுமந்துகொண்டு இந்த மனுஷி கொழுந்து பறித்தார்? அலுமாரியைத் துடைக்கும்போதெல்லாம் இதையா துடைத்தார்? அன்று என் காதில் அறைந்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நான் திருடித் தின்றுவிடுவேன் என்று அடிக்கவில்லை. அவர் டின்னுக்குப் பயந்திருக்கிறார்.

அக்கா அழுதாள். அத்தான் மட்டும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு துண்டு வெட்டினார்.

"அத்தை" என்றார். "நான் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒங்க வீட்டுச் சவுக்காரத்தத் தின்னேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சா தின்னீங்க?"

"தெனமும் சீஸ் வெட்டுறவன். மாமா கத்திய எறக்கும்போதே தெரிஞ்சிருச்சு."

"பெறகு ஏன் தின்னீங்க?"

"நீங்க அடுப்படி வாசல்ல நின்ன நெலயப் பாத்தேன். நான் துப்பியிருந்தா எங்கம்மா எந்திரிச்சிருக்கும். நீங்க விழுந்திருப்பீங்க." அத்தான் அம்மாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "சவுக்காரம் தின்ன எனக்கே ஒண்ணும் ஆகல. இது பாலும் உப்பும் அத்தை. ஹோட்டலுக்கு வர்ற புள்ளத்தாச்சிங்க எத்தன பேருக்கு எங்கையால குடுத்திருக்கேன். புள்ள போனது இதால இல்ல. அன்னைக்கு நீங்க குடுத்தத நான் ஒரு வார்த்த கேக்காமத் தின்னேன். இன்னைக்கு நான் குடுக்கிறத நீங்க தின்னுங்க."

அம்மா வெகுநேரம் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கி வாயில் வைத்தார். மெல்லவில்லை. கரையவிட்டார். கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

அக்கா யாரையும் கேட்கவில்லை. டின்னிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அம்மா பதறிப்போய் அவள் வயிற்றில் கையை வைத்தார். அக்கா விழுங்கினாள்.  மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

திடீரென்று அம்மாவின் கை துள்ளியது. அக்கா சிரித்துவிட்டாள். "தெனமும் இப்பிடித்தாம்மா. புடிச்சதத் தின்னா குதிக்குது."

அம்மா கையை எடுக்கவே இல்லை. என்னையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதே ஒதைதான்" என்றார். "இதேதான்டி. அப்ப அவனுக்கும் புடிச்சிருந்துச்சு."

மற்றக் கையை அத்தான் பக்கம் நீட்டினார்.

"இன்னொரு துண்டு வெட்டுங்க மாப்பிள்ள."